தடித்து அகன்ற எழுத்தின் வரலாறு: கிளாரெண்டன் எழுத்துருவின் இயல்பும் பயன்பாடும்

முன்னுரை

நூலொன்றைக் கையிலெடுக்கும்பொழுது நாம் அது கூறும் பொருளையே நாடுகின்றோம். அப்பொருளைச் சுமந்துவரும் எழுத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தன்னை மறைத்துக்கொண்டு பொருளை மட்டும் காட்டுவதே நல்ல அச்செழுத்தின் இலக்கணம் என்பது அச்சுக் கலைஞர் பலர் ஏற்றுக்கொண்ட கொள்கையாகும். இக்கொள்கைக்கு நேர்மாறாக, தன்னைக் காட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த எழுத்து வகை ஒன்றும் உண்டு. தடித்த கோடுகளும் அகன்ற உடலும் கொண்ட விளம்பர எழுத்தே அது. கடைப் பெயர்ப்பலகை, சுவரொட்டி, நாளிதழின் தலைப்பு, அகராதியின் தலைச்சொல் என நாம் காணுமிடமெல்லாம் இன்று அவ்வகை எழுத்து பரவியிருக்கின்றது.

எழுத்தைத் தடிப்பாக்குதல் இன்று கணினியில் ஒரு விசையை அழுத்தும் சிறு செயலாகிவிட்டது. ஆயினும், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றியது முதல் ஏறத்தாழ 350 ஆண்டுகள் வரை, ரோமன் எழுத்தில் நூல் அச்சிட்டோர் தடித்த துணை எழுத்து என ஒன்றை அறிந்திருக்கவில்லை. அஃது எச்சூழலில் தோன்றியது, எவ்வாறு நூலின் பக்கத்துக்குள் நுழைந்தது, ஏன் அகன்றது, யாருக்கெல்லாம் பயன்பட்டது என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முற்படுகின்றது. இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாரெண்டன் என்னும் எழுத்துருவை நாம் இதற்குரிய சான்றாகக் கொள்கின்றோம்.

1. கையிலிருந்து தெருவுக்கு

18ஆம் நூற்றாண்டு முடியும்வரை அச்செழுத்து பெரும்பாலும் கையில் ஏந்திப் படிப்பதற்குரியதாகவே இருந்தது. வில்லியம் காஸ்லன், ஜான் பாஸ்கர்வில் முதலிய ஆங்கிலேய எழுத்து வார்ப்பாளர்கள் நூலுக்குரிய எழுத்துகளையே முதன்மையாகக் கருதினர். பெரிய எழுத்து தேவைப்பட்டால், நூலெழுத்தின் வடிவத்தையே அளவிற் பெருக்கி வார்த்தனர். வடிவம் ஒன்றே, அளவு மட்டுமே வேறு.

தொழிற்புரட்சி இந்நிலையை மாற்றியது. 1801ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சமாக இருந்த இலண்டன் மக்கள்தொகை 1851ஆம் ஆண்டில் இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆலைகளில் பெருந்தொகையாக உற்பத்தியான பொருள்களை முன்பின் அறியாத மக்களிடம் விற்க வேண்டியிருந்தது. சிற்றூர்ச் சந்தையில் வணிகரின் குரலும் முகமும் செய்த வேலையை நகரத் தெருவில் தாள் செய்ய வேண்டியதாயிற்று. மேலும், நாளிதழில் வெளியாகும் ஒவ்வொரு விளம்பரத்திற்கும் பிரித்தானிய அரசு வரி விதித்திருந்தது. அவ்வரி 1853ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. ஆகவே, வணிகர் பலர் துண்டறிக்கையையும் சுவரொட்டியையும் நாடினர்.

இவ்வகை விளம்பரத்தில் முன்னின்றவர்கள் அரசின் லாட்டரிச் சீட்டுகளை மொத்தமாக வாங்கி விற்ற குத்தகைக்காரர்கள் ஆவர். அவர்களுள் தாமஸ் பிஷ் என்பவர் பெரிதும் அறியப்பட்டவர். பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டி ஏழை எளியோரின் ஆசையைத் தூண்டும் துண்டறிக்கைகள் இலண்டன் எங்கும் வழங்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு லாட்டரி 1826ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. ஆனால், அது வளர்த்துவிட்ட எழுத்து முடிவுக்கு வரவில்லை.

2. கொழுத்த எழுத்தும் எகிப்திய எழுத்தும்

தெருவின் தேவைக்கு முதலில் விடையளித்தவர் இலண்டன் ஃபேன் தெரு வார்ப்பகத்தின் உரிமையாளராகிய ராபர்ட் தோர்ன் ஆவார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட எழுத்துகளில் செங்குத்துக் கோடுகள் முன்னெப்பொழுதும் இல்லாத அளவு பருத்திருந்தன; மெல்லிய கோடுகளோ மயிரிழை போன்றே நின்றன. இவ்வகை எழுத்தைக் ‘கொழுத்த முகம்’ எனப் பொருள்படும் பெயரால் அச்சுத் தொழிலாளர் அழைத்தனர். அச்சுக்கலை அறிஞர் அனைவரும் இதனை வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. டி. சி. ஹான்சார்ட் 1825ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டைப்போகிராஃபியா’ என்னும் நூலில் இவ்வெழுத்துகளின் அளவு பொருந்தாமையைக் கண்டித்துள்ளார்.

கொழுத்த எழுத்துக்கு நடைமுறைக் குறையொன்றும் இருந்தது. சுவரொட்டி அச்சிடும்பொழுது பேரழுத்தத்தைத் தாங்க வேண்டிய மயிரிழைக் கோடுகள் விரைவில் தேய்ந்தன. சில வேளைகளில் முறிந்தன. தொலைவிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு அவை புலப்படவுமில்லை. இக்குறையை நீக்கும் வகையில் 1810களில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வேறோர் எழுத்தை வெளியிட்டார். அதில் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் அமைந்தன. எழுத்துக் கோட்டின் நுனியில் குறுக்காக நிற்கும் சிறு கோடும் பட்டையான கட்டைபோல் ஆனது. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பின்னர் ஐரோப்பாவில் எகிப்து பற்றிய ஆர்வம் பெருகியிருந்த காலம் அது. ஆதலால், இவ்வகை எழுத்துக்கு ‘எகிப்தியன்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. எழுத்தின் வடிவத்திற்கும் எகிப்திய எழுத்து முறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. ஃபேன் தெரு வார்ப்பகமும் ராபர்ட் பெஸ்லியும்

தோர்ன் 1820ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய வார்ப்பகம் ஏலத்திற்கு வந்தபொழுது அதனை வில்லியம் தோரோகுட் என்பவர் வாங்கினார். லாட்டரியில் தமக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டே அவர் அதனை வாங்கினார் என்று அச்சு வரலாற்றில் மரபாகக் கூறப்பட்டு வருகின்றது. லாட்டரி விளம்பரங்களால் வளர்ந்த எழுத்து வகையைத் தோற்றுவித்த வார்ப்பகம் லாட்டரிப் பணத்தாலேயே கைமாறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

தோரோகுட்டிடம் 1826ஆம் ஆண்டில் பணியிற் சேர்ந்த ராபர்ட் பெஸ்லி பின்னர் அந்நிறுவனத்தின் பங்காளியாக உயர்ந்தார். அவர் காலத்தில், பெஞ்சமின் ஃபாக்ஸ் என்னும் தேர்ந்த எழுத்து வெட்டுநரின் கைவண்ணத்தில் 1845ஆம் ஆண்டு கிளாரெண்டன் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரெண்டன் அச்சகத்தை நினைவுபடுத்தும் பெயராகவே இது கருதப்படுகின்றது.

பெஸ்லி செய்த மற்றொரு செயலும் வரலாற்றுச் சிறப்புடையதாகும். இங்கிலாந்தில் 1842ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அலங்கார வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் அவர் தம் எழுத்துருவைப் பதிவு செய்தார். எழுத்தின் வடிவமும் ஒருவரது உடைமையாகும் என்னும் கருத்து சட்டத்தின் ஏற்பைப் பெற்ற தொடக்க நிகழ்வுகளுள் இஃது ஒன்றாகும். ஆயின், அச்சட்டம் வழங்கிய காப்பு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. 1848ஆம் ஆண்டில் அது முடிவுற்றதும் பிற வார்ப்பகங்கள் கிளாரெண்டனைப் போன்ற எழுத்துகளைத் தத்தம் பட்டியலிற் சேர்த்தன. பெஸ்லி மனம் நொந்தார்; ஆனால், தடுக்க இயலவில்லை. இவ்விழப்பே அவ்வெழுத்தின் பரவலுக்கும் வழிவகுத்தது. நாளடைவில் ‘கிளாரெண்டன்’ என்பது ஒரு வார்ப்பகத்தின் பொருளைக் குறிக்கும் பெயராக இல்லாமல், ஆங்கில அச்சுத் தொழிலில் தடித்த எழுத்து என்பதற்கே ஒரு பொதுச்சொல்லாயிற்று. பெஸ்லி 1869ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்தின் மேயர் பதவியை அடைந்தார்.

4. கிளாரெண்டனின் இயல்பு

கிளாரெண்டனை அதற்கு முந்திய எகிப்திய எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் கூறுகள் சில உள்ளன. முதலாவதாக, எகிப்திய எழுத்தில் நுனிக்கட்டை செங்குத்துக் கோட்டோடு செங்கோணத்தில் முட்டி நிற்கும். கிளாரெண்டனிலோ அது மெல்ல வளைந்து கோட்டோடு இணைகின்றது. மரக்கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் காணப்படும் வளைவை இதற்கு ஒப்பிடலாம். இரண்டாவதாக, தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே சிறிதளவு வேறுபாடு பேணப்பட்டது. அதனால் எழுத்து கனத்திருந்தும் மரத்துப்போனதாகத் தோன்றவில்லை. மூன்றாவதாக, வளைகோடுகளின் முனைகள் உருண்டை வடிவில் திரண்டு முடிந்தன. ஆங்கிலப் பேரெழுத்தாகிய ‘ஆர்’ தன் காலை மேல்நோக்கிச் சுருட்டி நிற்பது இவ்வெழுத்துருவின் அடையாளமாகவே கருதப்படுகின்றது.

இவற்றினும் முதன்மையான கூறு வேறொன்று. கிளாரெண்டன் தெருவுக்காக மட்டும் வெட்டப்படவில்லை. நூலெழுத்தின் அருகில், அதே வரியில் நிற்பதற்காகவும் வெட்டப்பட்டது. அதுகாறும் நூலில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட விரும்பியோர் சாய்வெழுத்தையோ பேரெழுத்தையோ பயன்படுத்தினர். கொழுத்த எழுத்தையோ எகிப்திய எழுத்தையோ வரியின் நடுவே கொண்டுவந்து செருகினால் அது பக்கத்தின் ஒழுங்கைச் சிதைத்தது. கிளாரெண்டன் நூலெழுத்தின் விகிதத்தைத் தழுவியதாகலின், அதனோடு ஒத்திசைந்து நின்றது. அதே வேளையில் தனித்தும் தெரிந்தது.

இதன் பயன் அகராதிகளில் தெளிவாகப் புலப்பட்டது. அகராதியைப் படிப்போர் முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படிப்பதில்லை, தேடுகின்றனர். தேடும் கண்ணுக்குத் தலைச்சொல் முதலில் தென்பட வேண்டும். பொருள் அதன்பின் வர வேண்டும். ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்து 1884ஆம் ஆண்டு முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் தலைச்சொற்கள் கிளாரெண்டன் வகை எழுத்திலேயே அமைந்தன. தெருவில் கூவுவதற்குப் பிறந்த எழுத்தின் வழித்தோன்றல் அறிவுலகின் பெருநூலொன்றில் வழிகாட்டியாக அமர்ந்தது என இதனைக் கூறலாம்.

5. எழுத்து அகன்றமைக்குரிய காரணங்கள்

1845ஆம் ஆண்டின் மூலக் கிளாரெண்டன் அகன்ற எழுத்தன்று. அது சற்று நெருங்கிய உடலையே கொண்டிருந்தது. அகன்ற கிளாரெண்டன், அவ்வடிவம் பொதுவுடைமையான பின்னர்த் தோன்றியதாகும். அது அகன்றமைக்கு இரு காரணங்களை நாம் காண்கின்றோம்.

முதற்காரணம் கண்ணைச் சார்ந்தது. எழுத்தின் கோடுகளைத் தடிப்பாக்கும்பொழுது, கோடுகளுக்கு இடையிலும் சுழிகளுக்கு உள்ளேயும் இருக்கும் வெற்றிடம் குறைகின்றது. எழுத்தை அடையாளம் காண்பதற்குக் கோடு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவ்வெற்றிடமும் தேவை. அது முற்றிலும் அடைபட்டால் எழுத்து வெறும் கரும்புள்ளியாகிவிடும். உயரத்தைக் கூட்டாமல் அவ்வெற்றிடத்தை மீட்பதற்குள்ள வழி எழுத்தை அகலப்படுத்துவதேயாகும். எனவே, அகலம் என்பது இங்கு வெறும் அலங்காரம் அன்று. தடிப்பு தனக்குத் தேடிக்கொண்ட மூச்சிடம் எனலாம்.

இரண்டாவது காரணம் அச்சுக்கூடத்தின் நடைமுறையைச் சார்ந்தது. சுவரொட்டியின் ஒவ்வொரு வரியும் இடப்புற ஓரத்திலிருந்து வலப்புற ஓரம் வரை நிறைந்திருக்க வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டு அச்சுக் கோப்போர் பலர் கடைப்பிடித்த முறையாகும். பதினைந்து எழுத்துள்ள சொல்லையும் நான்கு எழுத்துள்ள சொல்லையும் ஒரே அகலத்தில் நிரப்ப வேண்டுமானால், ஒன்றுக்கு நெருங்கிய எழுத்தும் மற்றொன்றுக்கு அகன்ற எழுத்தும் வேண்டும். அதனால் ஒரே எழுத்துருவை நெருங்கியது, இயல்பானது, அகன்றது, மிக அகன்றது எனப் பல நிலைகளில் வைத்திருப்பது அச்சகங்களுக்கு இன்றியமையாததாயிற்று.

இத்தேவையை நிறைவேற்றியது மரம். பெரிய எழுத்துகளை ஈயக் கலவையில் வார்ப்பது செலவு மிக்கது, எடையும் மிகுதி, உலோகம் சீராகக் குளிராவிடின் எழுத்தின் முகம் குழிந்துவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827ஆம் ஆண்டில் மரத்தைச் சுழன்று குடையும் பொறியைக் கொண்டு எழுத்துகளைச் செய்யத் தொடங்கினார். 1828ஆம் ஆண்டில் அவற்றின் மாதிரிப் பட்டியலை வெளியிட்டார். வில்லியம் லெவன்வொர்த் 1834ஆம் ஆண்டில் அப்பொறியோடு பாண்டோகிராஃப் என்னும் படியெடுப்புக் கருவியை இணைத்தார். ஒரே மூல வடிவத்திலிருந்து வேண்டிய அளவுகளில் எழுத்தை வெட்டியெடுப்பது இதனால் எளிதாயிற்று. மேப்பிள் போன்ற வைரம்பாய்ந்த மரங்களின் குறுக்குவெட்டு முகத்தில் இவ்வெழுத்துகள் வெட்டப்பட்டன. கனெக்டிகட் மாநிலத்தில் இயங்கிய வில்லியம் பேஜின் நிறுவனம் 1874ஆம் ஆண்டில் வெளியிட்ட பல வண்ண மர எழுத்து மாதிரி நூல் இக்கலையின் உச்சமாகப் போற்றப்படுகின்றது. அமெரிக்க மர எழுத்துகளைத் திரட்டி ஆராய்ந்த ராப் ராய் கெல்லி 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகின்றது.

6. ஒரே எழுத்து, இருவேறு குரல்கள்

இவ்வெழுத்துகள் யாருக்குப் பயன்பட்டன என்னும் வினா எழுத்தின் அழகியலைக் கடந்து நம்மை வேறோர் இடத்திற்கு அழைத்துச் செல்கின்றது. நாடக அரங்கம், சர்க்கஸ், கப்பல் பயணம், இரயில் சேவை, மருந்து விற்பனை ஆகியன தடித்த எழுத்தில் அறிவிக்கப்பட்டன. அதே எழுத்தில் மனிதரும் விற்கப்பட்டனர். உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்காவில் அடிமைகளை ஏலத்தில் விற்பதற்கும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசளிப்பதற்கும் அச்சிடப்பட்ட அறிக்கைகள் பல இன்றும் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் மேல் வரியிற் கொட்டை எழுத்தில் நிற்பது பெரும்பாலும் பரிசுத் தொகையோ விற்பனைச் செய்தியோ ஆகும். மனிதரின் பெயரும் வயதும் அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் இடம்பெறும். எது பெரிது, எது சிறிது என்று அச்சமூகம் எண்ணியதை அத்தாளின் எழுத்தளவே நமக்குக் காட்டிவிடுகின்றது.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. தப்பியோடிய அடிமைகளை மீட்டு ஒப்படைக்க வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 1850ஆம் ஆண்டில் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி தாமஸ் சிம்ஸ் என்னும் இளைஞர் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாஸ்டன் நகரிலிருந்து ஜார்ஜியா மாநிலத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே மாதம் 24ஆம் நாளிட்ட சுவரொட்டியொன்று பாஸ்டன் நகரில் வெளிவந்தது. காவலரே அடிமை பிடிப்போராகச் செயற்படுவதால் அவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டா எனக் கறுப்பின மக்களை அது எச்சரித்தது. அடிமை ஒழிப்பில் ஈடுபட்ட தியோடர் பார்க்கர் என்னும் சமயப் போதகர் அதனை எழுதியவராக அறியப்படுகின்றார். அச்சுவரொட்டியின் முதல் எச்சரிக்கைச் சொல்லும் அடிமை விற்பனை அறிக்கைகளில் நாம் காணும் அதே விளம்பர எழுத்து மரபிலேயே, கனத்த பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் நாள் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட அறிக்கையையும் இங்குக் கருதலாம். அதிபர் ஆபிரகாம் லிங்கனின் கொலையில் தொடர்புடைய மூவரைப் பிடித்துத் தருவோருக்கு மொத்தம் 100,000 டாலர் பரிசு என்று அது பெரிய எழுத்தில் அறிவித்தது. அடிமைகளைத் தேடுவதற்குப் பழகிய அச்சு வடிவம், அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டவரைக் கொன்றவனைத் தேடவும் பயன்பட்டது. எழுத்துக்குத் தனக்கென ஒரு மனச்சான்று இல்லை என்பதையும், அதனைக் கோப்பவருக்கும் படிப்பவருக்குமே அப்பொறுப்பு உரியது என்பதையும் இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

7. வீழ்ச்சியும் மறுவாழ்வும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுவர்கள் யாவும் தடித்த எழுத்துகளால் நிறைந்துவிட்டன. ஒரே தாளில் பத்து வகை எழுத்துகள் போட்டியிட்டன. எல்லாரும் உரத்த குரலில் பேசும் சந்தையில் யாருடைய பேச்சும் காதில் விழாதது போல, எல்லாச் சொற்களும் தடித்த சுவரொட்டியில் எச்சொல்லும் தனித்துத் தெரியவில்லை. இந்நெரிசலுக்கு எதிராக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய சிந்தனை எழுந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த யான் சிஹோல்ட் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புதிய அச்சுக்கலை’ எனப் பொருள்படும் நூல், அலங்காரம் நீங்கிய, நுனிக்கோடற்ற எழுத்தையே காலத்துக்கு ஏற்றதெனப் போற்றியது. பழைய விளம்பர எழுத்துகள் மதிப்பிழந்தன.

ஆயினும், கிளாரெண்டன் மறையவில்லை. சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்திற்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் 1953ஆம் ஆண்டில் அதனைப் புதுக்கி வரைந்தார். அமெரிக்காவில் ஃப்ரீமன் கிரா 1955ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் கிளாரெண்டன் வடிவத்தை அளித்தார். இவை தெருவின் ஆரவாரத்தை விட்டு, நிறுவனங்களின் நிதானமான உறுதியைக் காட்டும் வடிவங்களாக ஏற்கப்பட்டன. ஜப்பானிய நிறுவனமாகிய சோனியின் பெயர்ச்சின்னம் நாமறிந்த வடிவத்தை 1973ஆம் ஆண்டில் பெற்றது. பட்டையான நுனிக்கட்டைகளோடு அகன்று நிற்கும் அதன் நான்கு எழுத்துகளில் இம்மரபின் சாயலைக் காணலாம். குறுகிய பெயருக்கு அகன்ற எழுத்து என்னும் பழைய அச்சுக்கூட அறிவு இங்கும் செயற்படுகின்றது.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் கிளாரெண்டன் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. பின்னர் அதற்கு மாற்றாக ராலின்சன் என்னும் எழுத்துரு வடிவமைக்கப்பட்டது. கிளாரெண்டன் மிகுதியான இடத்தை எடுத்துக்கொண்டது அம்மாற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகும். சுவரொட்டியில் நன்மையாக இருந்த அகலம், நீண்ட இடப்பெயரைச் சிறிய பலகையில் எழுத வேண்டியபொழுது சுமையாக மாறியது.

8. தமிழெழுத்துக்கு இவ்வரலாறு கூறுவது

மேற்கூறியவை யாவும் ரோமன் எழுத்தின் வரலாறு. தமிழெழுத்தின் 19ஆம் நூற்றாண்டு நோக்கு வேறாக இருந்தது. இலண்டனிலும் நியூயார்க்கிலும் எழுத்து பருத்துக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் தமிழ் அச்செழுத்தைச் சிறிதாகவும் தெளிவாகவும் ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். 1862ஆம் ஆண்டில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி அவ்வச்சகத்தின் பணியேயாகும்.

எனினும், தடித்த எழுத்தின்பால் தமிழுக்குள்ள தேவை ஆங்கிலத்துக்குள்ளதைவிட மிகுதி என்பது நம் கருத்து. ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்ட ஆங்கிலத்திற்குப் பேரெழுத்து உண்டு. சாய்வெழுத்து மரபு உண்டு. தடித்த எழுத்தும் உண்டு. தமிழில் பேரெழுத்து இல்லை. சாய்வெழுத்து நம் எழுத்து மரபில் தோன்றியதன்று. ஆகவே, பக்கத்தில் ஒரு சொல்லை உயர்த்திக் காட்டும் பொறுப்பின் பெரும்பகுதியைத் தடித்த எழுத்தே சுமக்கின்றது.

அப்பொறுப்பை ஆராயாமல் ஏற்றினால் இடர் நேரும். தமிழெழுத்துகள் பல சுழிகளால் ஆனவை. மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழியேயாகும். தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்துருவில் தடிப்பு விசையை அழுத்தினால், கணினி கோடுகளை இயந்திர முறையிற் பருக்கச் செய்கின்றது. எழுத்தின் அகலத்தை அதற்கேற்ப மறுசீரமைப்பதில்லை. சிறிய அளவில் அச்சிடும்பொழுது சுழிகளின் உட்புறம் அடைபடுகின்றது. அந்நிலையில் ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று வாசகர் இடம் நோக்கியே உணர வேண்டியிருக்கும். தடிப்பு அகலத்தை வேண்டும் என்று மர எழுத்து செய்தோர் பட்டறிவால் கண்ட உண்மை, சுழி மிகுந்த நம் எழுத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றது.

நம் நாட்டில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்களிலும் திருவிழா அறிக்கைகளிலும் எல்லா வரிகளையும் தடித்த எழுத்தில் அமைக்கும் வழக்கத்தை நாம் காண்கின்றோம். ஒருவரையும் குறைத்துக் காட்டலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணமாகலாம். ஆயின், அழைப்பிதழைக் கையில் வாங்கும் முதியவர் நாளையும் இடத்தையும் தேடி இடர்ப்படும்பொழுது, அந்நல்லெண்ணம் தன் பயனை இழந்துவிடுகின்றது.

முடிவுரை

தடித்து அகன்ற எழுத்து, நகரத் தெருவின் தேவையால் பிறந்து, வணிகத்தால் வளர்ந்து, கிளாரெண்டன் வழியாக நூலின் பக்கத்துக்குள் நுழைந்து, அறிவைத் தேடுவோர்க்கும் துணையாயிற்று. அதன் அகலம் வெற்றிடத்தைக் காக்கும் வழியாகவும் வரியை நிரப்பும் முறையாகவும் அமைந்தது. அதன் ஆற்றல் அதனிடத்தே மட்டும் தங்கியிருப்பதன்று; சுற்றியுள்ள மெல்லிய எழுத்தோடு அது கொள்ளும் வேறுபாட்டில் தங்கியுள்ளது. எதைத் தடித்த எழுத்தில் அமைக்கின்றோம், எதை அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் விடுகின்றோம் என்பது ஒவ்வொரு முறையும் மனிதர் செய்யும் தேர்வாகும். அடிமை விற்பனை அறிக்கையும் பாஸ்டன் எச்சரிக்கையும் அத்தேர்வின் இரு துருவங்களாக நம்முன் நிற்கின்றன. கணினியில் ஒரு விசையை அழுத்தி ஒரு சொல்லைத் தடிப்பாக்கும் ஒவ்வொருவரும் அத்தேர்வையே தம் அளவில் மீண்டும் செய்கின்றனர் என்பதை இவ்வரலாற்றின்வழி நாம் உணரலாம்.